நரக வாசலில் ஒரு கள்ளுக்கடைக்காரி

வருஷம் தவறாமல் என்னை நரகத்துக்கு அனுப்பிவைத்தவன் தர்ஸ்டன் பை. பட்டப்பகலில், ஊரே பார்க்க, வண்டிமேல் ஏற்றி அனுப்பினான். இன்றைக்கு என் கடைக் கதவு திறந்திருக்கிறது, அடுப்பில் பார்லி கொதிக்கிறது என்றால் அதுவும் அதே தர்ஸ்டனால்தான். எப்படி என்று சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசினால் எனக்குக் கோபம் வரும், அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் எம்மட் ஷாராக். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கள்ளுக்கடை. பார்லிக் கள். நானே காய்ச்சி, நானே ஊற்றி, குடித்துவிட்டு ஆடுகிறவனை நானே திட்டி வெளியே தள்ளுகிறேன். புருஷன் போனபிறகு கடை எனக்கு வந்தது. கடையோடு சங்கத்தில் இடமும் வந்தது. எங்கள் ஊரில் சமையல்காரர்களும் சத்திரம், கள்ளுக்கடை வைத்திருப்பவர்களும் ஒரே சங்கம்.

கோடைத் தொடக்கத்தில் வரும் பெந்தெகொஸ்தே திருநாள் வாரத்தில் ஒவ்வொரு சங்கமும் வேதத்திலிருந்து ஒரு கதையை எடுத்து, சக்கரம் வைத்த மேடை வண்டியில் ஏற்றி, தெரு முனைக்குத் தெரு முனை நிறுத்தி ஆடும். தண்ணீர் சுமக்கிறவர்களுக்கு நோவாவின் வெள்ளம். ரொட்டிக்காரர்களுக்குக் கடைசி விருந்து. எங்களுக்கு நரகம். நெருப்பும் புகையும் அண்டாவும் வேறு எவனிடம் இருக்கிறது? மரச்சட்டத்தில் கித்தானை இழுத்துக் கட்டி ஒரு பெரிய வாய் செய்து வைத்திருந்தோம். கயிற்றை இழுத்தால் திறக்கும், உள்ளேயிருந்து ஈர வைக்கோல் புகை குபுகுபுவென்று வரும். சிலுவையில் மரித்த ஆண்டவர் நரகத்துக்கு இறங்கி வந்து கதவை உடைப்பார். ஆதாம், ஏவாள், தீர்க்கதரிசிகள் என்று எல்லாரும் வரிசையாக வெளியே வருவார்கள். ஒருத்தி மட்டும் வரமாட்டாள். அளவில் ஏமாற்றிய கள்ளுக்கடைக்காரி உள்ளேயே கிடப்பாள், பிசாசுகள் அண்டாவைத் தட்டிக்கொண்டு அவளைச் சுற்றிக் கூத்தாடும். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

அந்தக் கள்ளுக்கடைக்காரி வேஷம் தர்ஸ்டனுக்கு. விலாங்குமீன் வைத்துச் சுடும் 'பை' அப்பத்துக்குப் பேர்போன சமையல்காரன், அதுவே அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தொப்பையும் தொங்கிய கன்னமுமாக இருப்பான். பெண்பிள்ளைகள் வண்டியில் ஏறக் கூடாது என்பதால் ஏவாள் கூட எங்கள் ஊரில் ஒரு கசாப்புக்காரன்தான். அது கிடக்கட்டும். சங்க வழக்கப்படி ஒவ்வொரு வீடும் நாடகத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். என் வீட்டுக்கு விழுந்த பங்கு என்ன தெரியுமா? கள்ளுக்கடைக்காரியின் உடுப்பு. என் பாவாடை, என் தலைத்துணி, நான் இடுப்பில் கட்டும் துணி. நானே துவைத்து, மடித்து, அவன் கையில் கொடுக்க வேண்டும்.

"துணியைக் கொடுக்கிறதே நானு, என்னையே நக்கல் பண்றியாடா?" என்று கேட்டால் போதும்.

"உன்னையா? ஐயோ அக்கா, நீ வேற, நான் பண்றது பக்கத்து ஊர்க்காரியை," என்பான்.

பக்கத்து ஊர்க்காரியாவது மண்ணாவது. இடுப்பில் கையை வைத்து நான் நிற்பதுபோல் நிற்பான். நான் கூப்பிடுகிறமாதிரியே "அடுத்தவன் யாருடா?" என்பான். சங்கத்துப் பிரதியில் அவளுக்கு எழுதியிருந்தது நாலே வரி. மிச்சமெல்லாம் அவன் சரக்கு. நுரையைக் கள்ளு என்று விற்றேன், தாகம் எடுக்க உப்பைக் கலந்தேன், சாம்பலைப் போட்டு நிறம் ஏற்றினேன் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுவான். எனக்கு வயிறு எரியும். என் கடையில் ஒரு நாளும் அளவு குறைந்ததில்லை. என் மாமியார் ஆணை.

அப்புறம் பேராயரிடமிருந்து உத்தரவு வந்தது. இந்த நாடகங்களில் போப்பாண்டவர் காலத்துப் பழைய மதத்தின் வாடை அடிக்கிறது, வண்டிகளை இனி வெளியே எடுக்கக் கூடாது என்று. எங்கள் ஊர் என்ன செய்தது? உத்தரவை மரியாதையாக வாசித்தது, மடித்து வைத்தது, அந்தக் கோடையிலும் வண்டியை எடுத்தது. அப்போதிருந்த மேயர் பல்வலி என்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தார்.

இலையுதிரும் காலத்தில் புதிய நீதிபதி ஒருவர் தெற்கேயிருந்து வந்தார். லண்டனில் படித்தவர், மெல்லிய உதடு. ஊரில் கள்ளுக்கடைகள் அதிகம், பாதியை மூட வேண்டும் என்பது ஒன்று. உத்தரவை மீறி ஆடியவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஊர் பிடி கொடுக்கவில்லை. யாரைக் கேட்டாலும், "நாடகமா? அன்னைக்கு நான் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன் ஐயா," என்றார்கள். ஊரே ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தால் ஆடுகள்தான் மிரண்டிருக்கும்.

அதனால் முதலாவதைப் பிடித்துக்கொண்டார். எவள்மேல் ஒரு சாட்சி வருகிறதோ அவள் கடை உரிமம் போகும். உரிமம் போவதோடு விடமாட்டார்கள். நாற்காலியில் கட்டி, நீளக் கம்பின் நுனியில் தொங்கவிட்டு, ஆற்றில் மூன்று முக்கு முக்குவார்கள். அந்தக் குளிர்காலத்தில் அப்படி முக்கிய ஒருத்தி காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள். தவக்காலத்தில் ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கடை போனால் எனக்கு நாதி இல்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. பயந்துகொண்டுதான் போனேன். முகத்தில் காட்டவில்லை.

மன்றத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. என் குவளைகளைக் கொண்டுவந்து அளந்தார்கள். எல்லாம் சரி.

"இன்னைக்குச் சரியா இருக்கு," என்றார் நீதிபதி. "கூப்பிட்டு அனுப்பினா யாரும் சரியானதைத்தானே எடுத்துட்டு வருவாங்க? போன வருஷம் எப்படி இருந்தது? சாட்சி எங்கே?"

சாட்சி எழுந்தார். பார்த்தால், தோல் பதனிடும் லாம்பர்ட் தாத்தா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாம்பர்ட் பொய் சொல்லிக் கேட்டவர் எவரும் இல்லை. என்மேல் அவருக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. தினமும் சாயங்காலம் வந்து ஒரு குவளை குடித்துவிட்டு, "ஆண்டவர் உனக்கு மனம் திரும்புற வரம் தரட்டும் மகளே," என்று சொல்லிவிட்டுப் போவார். எதற்கு இந்த ஆசீர்வாதம் என்று நான் யோசித்ததே இல்லை.

"இந்தப் பெண் அளவில் ஏமாத்தினதை நீர் பார்த்தீரா?"

"பார்க்கலைங்க ஐயா. அவளே ஒத்துக்கிட்டா. என் காதால கேட்டேன்."

"என்னன்னு ஒத்துக்கிட்டா?"

"நுரையைக் கள்ளுன்னு வித்தாளாம். தாகம் எடுக்கட்டும்னு உப்பு போட்டாளாம். சாம்பலும் கலந்தாளாம். நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதா ஐயா. பாவம், பார்க்கச் சகிக்கலை. அன்னைக்கே அவளுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்தினேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு மட்டுமா, அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் புரிந்தது. வண்டியில் ஆண்டவர் வந்தால் தெருச் சேற்றில் முழங்காலிட்டு அழுகிறவர் லாம்பர்ட். ஆண்டவருக்கு மரணத் தீர்ப்புச் சொன்ன பிலாத்துவாக ஆடிய தையல்காரனிடம் அதற்கப்புறம் ஒரு சட்டைகூடத் தைக்கக் கொடுக்காதவர். வண்டிமேல் நடப்பது அவருக்கு நாடகம் இல்லை, நடப்பு. என் பாவாடையைக் கட்டிக்கொண்டு, என்னைப்போல் இடுப்பில் கைவைத்து நின்றது அவருக்கு நான்தான்.

"சத்தியமா?"

"சத்தியமா ஐயா."

ஒரு வார்த்தை போதும் எனக்கு. 'அது நான் இல்லை, தர்ஸ்டன்' என்றால் முடிந்தது. ஆனால் சொன்னால் தடையை மீறி ஆடினது வெளியே வந்துவிடும், அவன் தலை உருளும். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஊர் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. நிமிர்ந்தவன் ஒருவன் இல்லை. குறை சொல்லவில்லை, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவன் பிசாசாகவோ தேவதூதனாகவோ ஆடியிருக்கிறான்.

எனக்கு அவன்மேல் எவ்வளவு எரிச்சல் இருந்தது என்று முன்னாலேயே சொன்னேன் அல்லவா? இருந்தும் வாய் வரவில்லை. அவனுக்கு இரண்டு சின்னப் பெண்கள். பெண்டாட்டி போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது.

"ஏம்மா, ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?"

"இல்லைங்க ஐயா," என்றேன்.

நீதிபதி பேனாவை எடுத்தார். அப்போதுதான் பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது.

"ஐயா, ஒரு நிமிஷம். தாத்தாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுடுங்க. எந்த இடத்துல வச்சுக் கேட்டார்னு."

தர்ஸ்டன்தான். நான் திரும்பி அவனை முறைத்தேன். உட்காருடா என்று கண்ணால் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

நீதிபதி லாம்பர்ட்டைப் பார்த்தார். "சரி, சொல்லும். எங்கே?"

"எங்கேயா?" கிழவருக்கு ஆச்சரியம். "நரக வாசல்லதான் ஐயா. பிசாசுங்ககூடப் பக்கத்துல நின்னுச்சுங்களே."

யாரோ ஒருவன் தும்முவதுபோல் சிரித்தான். அடுத்தவன் இருமினான். அப்புறம் மன்றமே வெடித்தது. சேவகன் கோலைத் தட்டித் தட்டிக் கை வலித்துப் போனான். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. மெல்லிய உதடு இன்னும் மெல்லிசாகியது.

"ஓஹோ. அப்ப போன கோடையில நாடகம் நடந்திருக்கு."

சிரிப்பு பட்டென்று நின்றது.

"நடந்தது ஐயா. கள்ளுக்கடைக்காரி நான்தான்," என்றான் தர்ஸ்டன்.

"நீயா?" அவர் அவனுடைய தொப்பையையும் கன்னத்தையும் மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் பெண்ணைக் காப்பாத்தறதுக்குக் கதை விடுறியா? உன்னைப் பார்த்து இவர் இந்தம்மான்னு நினைச்சாராக்கும்!"

தர்ஸ்டன் பக்கத்தில் இருந்தவளின் தலைத்துணியை வாங்கித் தலையில் போட்டான். அவ்வளவுதான் செய்தான். இடுப்பில் கை போயிற்று, தோள் ஏறியது, முகவாய் முன்னால் வந்தது. "அடுத்தவன் யாருடா? கையில காசும் வாயில பல்லும் இருக்கிறவன் மட்டும் முன்னால வா! இல்லாதவன் ஆத்துல தண்ணி இருக்கு, குனிஞ்சு குடி!" என்று ஒரு குரல் கேட்டது. நானே என் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கூடவே மூக்கை வேறு உறிஞ்சினான்.

"நான் ஒண்ணும் அப்படி மூக்கை உறிஞ்ச மாட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

"உறிஞ்சுவே!" என்றது மன்றம் முழுவதும் ஒரே குரலாக.

நீதிபதி கையால் வாயை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பார்த்தேன், மறுக்க முடியாது. லாம்பர்ட் மட்டும் தர்ஸ்டனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து வயதுக் குழந்தைபோல் அவர் முகம் கோணிற்று. "அப்ப நீ நரகத்துல இல்லையா மகளே?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆண்டவரே, எத்தனை வருஷமாக அந்த மனுஷன் எனக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்!

என் உரிமம் என்னிடமே இருந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான்.

"கூட ஆடினவங்க பேரைச் சொல்லு, உன்னை விட்டுடறேன்," என்றார் நீதிபதி.

"பிசாசுங்க எல்லாம் முகத்துல கரி பூசி இருந்துச்சுங்க ஐயா. ஆண்டவர் முகத்துக்குத் தங்கப் பூச்சு. எவன் எவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தர்ஸ்டனின் பெயரைச் சங்கத்திலிருந்து அடித்தார்கள். ஊருக்குள் கடை வைக்கக் கூடாது, குடியிருக்கக் கூடாது. பிறந்து வளர்ந்த ஊர், அப்பனையும் பெண்டாட்டியையும் புதைத்த ஊர்.

மறுநாள் அவன் கடைக்குப் போனேன். பாத்திரங்களை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்தான். நன்றி சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"உனக்கு மூளை இருக்காடா? ரெண்டு பெண்ணை வச்சுக்கிட்டு எவனாவது இப்படிப் பண்ணுவானா? நான் உன்னைக் காட்டிக்கொடுத்தேனா? வாயைத் திறந்தேனா?"

"திறக்கலை அக்கா. அதான் எழுந்தேன்." ஒரு வாணலியைக் கீழே வைத்தான். "நீ வாயை மூடிக்கிட்டு நின்னதை என் ஆயுசுல நேத்துதான் பார்த்தேன். பயந்துட்டேன்."

பெண்கள் இரண்டு பேரையும் அவன் நிலைத்துக் கால் ஊன்றும்வரை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். தலையை ஆட்டினான். நன்றி என்ற சொல்லை மட்டும் சொல்லாமலே திரும்பினேன். வீட்டுக்கு வந்து, அடுப்பு முன்னால் உட்கார்ந்து, ஓவென்று அழுதேன்.

அப்புறம் அவனைப்பற்றிச் செய்தி வண்டிக்காரர்கள் வழியாக வந்தது. ஒரு பிரபுவின் பெயரைச் சொல்லி ஊர் ஊராக ஆடும் குழுவில் சேர்ந்திருக்கிறானாம். முதலில் சமைக்கத்தான் சேர்த்தார்களாம். வேதக் கதை கிடையாது. ராஜாக்கள், காதலர்கள், கொலைகாரர்கள் என்று புதிது புதிதாக எவனோ எழுதித் தருகிறானாம். அதைவிட ஆச்சரியம், லண்டனில் மதிலுக்கு வெளியே நாடகம் ஆடுவதற்கென்றே மரத்தால் பெரிய வீடு கட்டியிருக்கிறார்களாம்.

"தினமுமா ஆடுவாங்க? அறுப்பு நேரத்துலயுமா?" என்று கேட்டார் லாம்பர்ட்.

"தினமும்தான் தாத்தா. ஞாயித்துக்கிழமை தவிர."

"அப்ப பிலாத்து வீட்டுக்குப் போறது எப்போ?" என்று கவலைப்பட்டார். புரிந்தும் புரியாத மனுஷன்.

மூன்று கோடை கழித்து அந்தக் குழு எங்கள் ஊருக்கே வந்தது. சட்டைக் கையில் பிரபுவின் சின்னம், வண்டியில் பெட்டிகள், முன்னால் ஒருவன் முரசு. நடுவில் தர்ஸ்டன். தொப்பை பாதி கரைந்திருந்தது. அவனுடைய பெண்கள் என் வாசலிலிருந்து ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். மேயரோ மன்றக் கூடத்தைத் தரமாட்டேன் என்றார். பிரபுவைப் பகைக்கவும் பயம், நீதிபதியைப் பகைக்கவும் பயம். அதனால் ஆடாமல் போவதற்கென்று கையில் ஒரு பணப்பையைக் கொடுத்து, ஊரைவிட்டுப் போகும் பாலத்தை மரியாதையாகக் காட்டினார். தர்ஸ்டன் சின்னப் பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு என் கடைவரைக்கும் வந்தான்.

"பார்த்துட்டேன்ல அக்கா, போதும். நாங்க கிளம்பறோம்."

"கிளம்புறியா? கழுத்தை நெரிச்சுடுவேன்," என்றேன். "முற்றம் சும்மாத்தானே கிடக்கு?"

காவல்காரன் ஓடி வந்தான். "எம்மட்டம்மா, வேண்டாம். நீதிபதி காதுக்குப் போச்சுன்னா உங்க உரிமம் போயிடும்."

"போகட்டும். இது யாரால மிஞ்சினதோ, அவனுக்காகவே போகட்டும். நீ வழியை விடு."

கதவை அகலத் திறந்தேன். காலிப் பீப்பாய்களைக் கவிழ்த்து, மேலே பலகை போட்டார்கள். மேல்தளத்து நடைபாதையில் பெண்கள் நின்றார்கள், கீழே ஆண்கள். முற்றம் கொள்ளவில்லை, கூரைமேல்கூட ஏறிவிட்டார்கள். தூரத்துத் தேசத்து ராணி ஒருத்தியின் கதை. எதிரிக்குப் பயந்து கைக்குழந்தையை இடையனிடம் ஒளித்துவைக்கிறாள். அவன் வளர்ந்து, எதிரிப் படையிலேயே சிப்பாயாகி, தாய் என்று தெரியாமல் அவளைச் சிறைபிடிக்க வருகிறான். ராணி தர்ஸ்டன். பிசாசு இல்லை, தேவதூதன் இல்லை, புகை இல்லை. ஒரு அம்மாவும் ஒரு பையனும் மட்டும் பலகைமேல் நின்று பேசினார்கள். எத்தனையோ வருஷம் பார்த்துப் பழகிய அந்த முகத்தில் நான் தர்ஸ்டனைத் தேடினேன். கிடைக்கவில்லை. "உன் அம்மா எப்படி இருப்பாள் என்று நினைத்திருக்கிறாய்?" என்று ராணி கேட்டபோது, பிள்ளை பெறாத நான் பக்கத்தில் நின்ற தர்ஸ்டனின் சின்னப் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டேன். சுற்றிப் பார்த்தால், கசாப்புக்காரன் அழுகிறான். காவல்காரனும் மூக்கைச் சிந்துகிறான்.

முடிந்ததும் ஜனம் ஆரவாரித்தது. எனக்கு எங்கேயிருந்துதான் தைரியம் வந்ததோ, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீப்பாய்மேல் ஏறிவிட்டேன். பெண்பிள்ளை ஏறக் கூடாதாம்! பீப்பாய் என்னுடையது.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றேன். "அன்னைக்கு மன்றத்துல நாம அத்தனை பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். இவன் ஒருத்தன் எழுந்தான். எனக்காக எழுந்தான், உங்க ஒருத்தர் பேரையும் சொல்லாமப் போனான். இந்தக் கடை, இந்த அடுப்பு, நான் மூச்சு விடுறது, எல்லாம் இவன் கொடுத்தது. மூணு வருஷமா சொல்ல வாய் வரலை. இப்ப சொல்றேன். தர்ஸ்டன், நன்றிடா. மனசார நன்றி."

லாம்பர்ட் முதலில் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் முற்றம் முழுவதும் ஒவ்வொன்றாகத் தொப்பிகள் இறங்கின. கூரைமேல் இருந்தவர்களும் கழற்றினார்கள்.

அவன் என்னைப் பார்த்தான், ஜனத்தைப் பார்த்தான். எவன் குரலில் கேட்டாலும் பேசுகிறவன், அன்று சொந்தக் குரலில் ஒரு வார்த்தை வராமல் நின்றான். வெள்ளைப் பூச்சு கண்ணீரில் கரைந்து கழுத்தில் இறங்கியது. ராணியின் கிரீடம் வேறு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"போதும்டா, உள்ளே வா," என்றேன். "உன் ஊருக்குத்தானே வந்திருக்கே."